இலையுதிர் காலத்தில் ஒயின் தோட்டங்களுக்குப் போவதில் அப்படி என்ன இருக்கிறது? ஒயின் பற்றி அதிகம் தெரியாதவர்களும் ரசிக்க முடியுமா?

தெரியாதவர்கள்தான் அதிகம் ரசிப்பார்கள் என்பேன். மற்ற மாதங்களில் ஒயின் ஆலைக்குப் போனால் மேசையில் நாலைந்து கிளாஸை வரிசையாக வைத்து, "இதில் செர்ரி வாசனை வரும், இதில் ஈரமண் வாசனை வரும்" என்று சொல்லிக்கொண்டே ஊற்றுவார்கள். வருகிறதோ இல்லையோ, நாமும் தலையை ஆட்டிவிட்டு வருவோம். அறுவடைக் காலத்தில் அந்தத் தலையாட்டல் தேவைப்படாது. கொடியில் தொங்கும் பழம், அப்போதுதான் பிழிந்த சாறு, பாதி நொதித்த சாறு, போன வருடத்து ஒயின் என்று நான்கையும் ஒரே பகலில் வாயில் போட்டுப் பார்த்துவிடலாம். எந்த ருசி எங்கிருந்து வருகிறது என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் எந்த மாதம் போகிறீர்கள் என்பது முக்கியம். வட கோளத்தில் செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மூன்றும் மூன்று விதம். (அர்ஜென்டினா, சிலி, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பக்கம் போகிறவர்கள் நான் சொல்லும் மாதங்களோடு ஆறைக் கூட்டிக்கொள்ளுங்கள். அங்கே பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை அறுவடை.)

செப்டம்பரில் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: இன்றைக்குப் பறிக்கலாமா, இன்னும் பொறுக்கலாமா? ஜெர்மனியில் ஃபால்ஸ் பகுதியில் ஒரு குடும்பத் தோட்டத்துக்குப் போயிருந்தபோது, அதை நடத்தும் அம்மா பினோ நுவார் என்ற கருந்திராட்சைக் கொத்திலிருந்து ஒரு பழத்தைக் கிள்ளி என் கையில் கொடுத்தார். முதலில் சதையை மட்டும் உறிஞ்சச் சொன்னார். தித்திப்பு என்றால் அப்படி ஒரு தித்திப்பு. அப்புறம் தோலைத் தனியாக மென்று பார்க்கச் சொன்னார். கடைசியில் விதை. அதைத் துப்பாமல் முன்பல்லில் வைத்துக் கடிக்கச் சொன்னபோது, நாக்கெல்லாம் இழுத்துப் பிடித்து உலர்ந்துபோனது. அவரும் ஒன்றைக் கடித்தார், உள்ளங்கையில் துப்பி நிறத்தைப் பார்த்தார். பாதி பச்சை, பாதி பழுப்பு. "இன்னும் நாலு நாள்" என்றார். பின்னால் நின்றுகொண்டிருந்த கணவர் ஒன்றும் பேசாமல் கைபேசியை நீட்டினார். மறுநாள் இரவு மழை என்று அதில் இருந்தது. பழுத்த நேரத்தில் மழை விழுந்தால் பழம் நீரை இழுத்து உப்பும், தோல் வெடிக்கும், பூஞ்சை பிடிக்கும். இரண்டு பேரும் வரிசையின் கடைசிவரை நடந்து போய்ப் பேசிவிட்டுத் திரும்பி வந்தார்கள். மறுநாள் விடிந்ததும் பறிப்பதென்று முடிவானது.

வாயை உலர்த்திய அந்தச் சமாச்சாரம்தான் டானின். தோலிலும் விதையிலும் காம்பிலும் இருக்கும். உமிழ்நீரிலுள்ள புரதத்தைப் போய்ப் பிடித்துக்கொள்ளும், அதனால்தான் வாய் வறண்ட மாதிரி இருக்கிறது. சிவப்பு ஒயினைக் குடித்துவிட்டு "ஏன் இப்படித் துவர்க்கிறது" என்று முகம் சுளித்தவர்கள் ஒரே ஒரு விதையைக் கடித்துப் பார்த்தால் போதும்.

இனிப்பை மட்டும் நாக்கை நம்பி விடமாட்டார்கள். ரிஃப்ராக்டோமீட்டர் என்று ஒரு சின்னக் குழாய் இருக்கும். கண்ணாடியில் ஒரு சொட்டுச் சாறு விட்டு, வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணில் வைத்தால் உள்ளே அளவுகோல் தெரியும். சாதாரணமாக 22 முதல் 25 பிரிக்ஸுக்குள் (சாறின் எடையில் சர்க்கரை ஏறக்குறைய எத்தனை சதவீதம் என்ற கணக்கு) இருந்தால் சிவப்பு ஒயினுக்குப் பறிக்கலாம். கேட்டால் உங்கள் கையிலும் கொடுப்பார்கள், வெட்கப்படாமல் கேளுங்கள். லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை நொதித்தால் ஒரு சதவீத ஆல்கஹால். ஆக 13 சதவீத ஒயின் என்று லேபிளில் பார்த்தால், சாறாக இருந்தபோது அதில் லிட்டருக்கு 220 கிராம் சர்க்கரை இருந்திருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். தின்பதற்கு வாங்கும் திராட்சையில் பெரும்பாலும் இவ்வளவு சர்க்கரை இருக்காது.

அறுவடையை நேரில் பார்க்க வேண்டுமென்றால் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும். கலிஃபோர்னியா, ஆஸ்திரேலியா போன்ற சூடான இடங்களில் விளக்கைப் போட்டுக்கொண்டு நள்ளிரவிலேயே பறித்துவிடுவார்கள். குளிர்ந்த பழம் ஆலைக்கு வந்து சேரும்வரை நொதிக்கத் தொடங்காது, வாசனையும் கெடாது. பத்து மணிக்குக் காலை உணவை முடித்துக்கொண்டு போய் நின்றால் காலி வரிசைகளைத்தான் படம் பிடிக்க முடியும்.

இன்னொன்று: செப்டம்பரில் சின்னத் தோட்டக்காரர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. சிலர் ருசி பார்க்கும் அறையையே பூட்டிவிடுவார்கள். சொல்லாமல் போய்க் கதவைத் தட்டுவது நாகரிகமில்லை. இரண்டு மூன்று வாரம் முன்னாலேயே ஒரு மின்னஞ்சல் போடுங்கள், "வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக நின்று பார்க்கிறோம்" என்று சொல்லுங்கள். அப்படிக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

அக்டோபரில் வேலை உள்ளே போய்விடும். எனக்குப் பிடித்த மாதம் இதுதான், முக்கியமாக அந்த வாசனைக்காக. தோட்டத்துச் சாலையில் போகும்போதே காற்றில் புளித்த வாடையும் பழ வாடையும் கலந்து வரும். உள்ளே நொதித்துக்கொண்டிருக்கும் தொட்டியின் பக்கத்தில் காதை வைத்தால் சலசலவென்று சத்தம் கேட்கும். எஃகுச் சுவரைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது சூடு கிளம்பும். சிவப்பு ஒயினை 25 முதல் 30 டிகிரிவரை போக விடுவார்கள். வெள்ளை ஒயினை 12 முதல் 18 டிகிரிக்குள் அடக்கி வைப்பார்கள், இல்லாவிட்டால் மென்மையான வாசனையெல்லாம் பறந்துவிடும்.

சிவப்புத் தொட்டியில் வாயு மேலே தள்ளித் தள்ளி, தோலெல்லாம் மிதந்து தடிமனான அடையாகிவிடும். அதை ஒரு நாளைக்கு ஓரிரு முறை கழியால் அமுக்கிக் கீழே இறக்க வேண்டும், அல்லது அடியிலிருந்து சாறை எடுத்து மேலே பாய்ச்ச வேண்டும். இல்லாவிட்டால் மேல் அடை காய்ந்து கெட்டுப்போகும், நிறமும் இறங்காது. பார்க்க எளிதாக இருக்கும். கழியைக் கையில் வாங்கிப் பார்த்தால் தெரியும், அந்த அடையில் ஒருமுறை குத்தி இறக்குவதற்குள் தோள் கழன்றுவிடும்.

கருந்திராட்சையைப் பிதுக்கினால் வருகிற சாறு பெரும்பாலும் நிறமற்றதுதான். (அலிகான்டே பூஷே மாதிரி சதையே சிவந்த சில வகைகள் உண்டு.) நிறம் முழுக்கத் தோலில் இருக்கிறது. அதனால்தான் பினோ நுவாரிலிருந்து வெள்ளை ஷாம்பெயின் எடுக்க முடிகிறது. தோலோடு சில மணி நேரம் ஊறினால் இளஞ்சிவப்பான ரோஸே, சில வாரம் ஊறினால் சிவப்பு. ஜார்ஜியா நாட்டில் இதைத் திருப்பிப் போட்டு, வெள்ளைத் திராட்சையையும் தோலோடு சேர்த்து, மண்ணில் புதைத்த க்வெவ்ரி என்ற பெரிய களிமண் தாழியில் மாதக்கணக்கில் விடுவார்கள். தேன் நிறத்தில் வரும், சிவப்பு ஒயினைப் போலத் துவர்க்கும். அந்த முறையை 2013இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஒரு எச்சரிக்கை. தொட்டிக்குள் தலையை நீட்டி மோந்து பார்க்காதீர்கள். ஒரு லிட்டர் சாறு நொதித்து முடிவதற்குள் ஐம்பது லிட்டருக்கு மேல் கரியமில வாயு வெளியேறும். காற்றைவிடக் கனமானது, கீழே தேங்கி நிற்கும். அனுபவப்பட்ட தொழிலாளர்களே இதில் மூச்சடைத்து இறந்திருக்கிறார்கள். நிலவறைக்குள் அழைத்துப் போகிறவர் "நில்லுங்கள்" என்றால் நின்றுவிட வேண்டும்.

இந்தச் சமயத்தில் மட்டும் கிடைப்பது பாதி நொதித்த ஒயின். ஜெர்மனியில் ஃபெடர்வைசர், ஆஸ்திரியாவில் ஷ்டூர்ம். கலங்கலாக, நுரையோடு, இனிப்பும் புளிப்புமாக இருக்கும். இன்று வாங்கினால் இனிப்பு, இரண்டு மூன்று நாள் கழித்தால் இனிப்புக் குறைந்து ஆல்கஹால் ஏறியிருக்கும். பாட்டிலுக்குள் நொதித்தல் நிற்காததால் மூடியை இறுக்க மாட்டார்கள், வாயு வெளியேற வழி விட்டிருப்பார்கள். எனவே காரில் படுக்க வைக்கக் கூடாது. பழச்சாறு மாதிரி வழுக்கிக்கொண்டு இறங்கும் என்பதால் எவ்வளவு குடித்தோம் என்பதும் தெரியாது, ஆல்கஹால் இருப்பது நிஜம். மது வேண்டாம் என்பவர்கள் பிழிபொறியிலிருந்து அப்போதுதான் இறங்கும் சாறைக் கேட்டு வாங்கிக் குடிக்கலாம். என்னைக் கேட்டால் பல ஆலைகளில் ஒயினைவிட அதுதான் நன்றாக இருக்கிறது.

எல்லோரும் படம் எடுப்பதற்காகவே போகும் இலை நிறமும் அக்டோபரில்தான். மலைச்சரிவு முழுக்க மஞ்சளும் செம்பழுப்புமாக அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இடைப்பகுதி ரத்தச் சிவப்பாகி, ஓரம் கீழ்நோக்கிச் சுருண்ட இலைகளைப் பார்த்தால் தோட்டக்காரரிடம் பாராட்டிவிடாதீர்கள். இலைச்சுருட்டு வைரஸ் பிடித்த கொடியின் அடையாளம் அது. அதில் பழம் சரியாகப் பழுக்காது.

இன்னொரு பக்கம், இனிப்பு ஒயினுக்காகப் பழம் அழுகட்டும் என்றே காத்திருப்பவர்களும் உண்டு. பிரான்ஸில் போர்தோவுக்குத் தெற்கே சோத்தேர்னில், சிரோன் என்ற சில்லென்ற சிற்றாறு வெதுவெதுப்பான கரோன் ஆற்றில் கலக்கும் இடத்தில், இலையுதிர் காலத்துக் காலைகளில் மூடுபனி எழும். அந்த ஈரத்தில் போட்ரைட்டிஸ் பூஞ்சை பழத்தில் இறங்கும், மதிய வெயில் அதை அளவுக்கு மீறாமல் காய வைக்கும். தோலில் நுண்துளை விழுந்து நீர் ஆவியாகி, பழம் சுருங்கிச் சாம்பல் பூத்து, குப்பையில் போட வேண்டியதுபோல இருக்கும். சுருங்கியதை மட்டும் பொறுக்கிப் பொறுக்கி, ஒரே வரிசைக்குப் பல தடவை ஆட்கள் போவார்கள். அந்தப் பழம் ஒன்றைத் துணிந்து வாயில் போட்டுப் பாருங்கள்.

நவம்பர் என்றால் ஊரெல்லாம் பேசுவது போஜொலே நுவோ என்ற பிரெஞ்சுப் புது ஒயினைப் பற்றி. 1985இலிருந்து நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமை வெளியிடுவதென்று விதி. முழுப் பழங்களைக் கரியமில வாயு நிறைந்த தொட்டியில் போட்டு, பழத்துக்குள்ளேயே நொதித்தல் தொடங்கும்படி செய்வதால் டானின் குறைந்து, சில வாரத்திலேயே குடிக்கத் தயாராகிவிடும். அன்றைய கொண்டாட்டம் ஜாலியாக இருக்கும், ஒயின் சுமார்தான். கொஞ்சம் குளிர வைத்துச் சீக்கிரம் குடித்துவிடுங்கள், எடுத்து வைக்க ஒன்றுமில்லை.

நவம்பரின் உண்மையான லாபம் வேறு. வேலை ஓய்ந்திருக்கும், முதலாளியே உட்கார்ந்து பேசுவார், பீப்பாயிலிருந்து புது ஒயினை உறிஞ்சி எடுத்து ஒரு வாய் கொடுப்பார். அது கலங்கலாக, பச்சை ஆப்பிள் மாதிரிச் சுரீரென்று புளிக்கலாம். ஆப்பிளில் உள்ள மாலிக் அமிலம் மென்மையான லாக்டிக் அமிலமாக மாறும் இரண்டாவது கட்டம் அப்போது முடிந்திருக்காது. அதை வைத்து அந்த வருட ஒயின் மோசம் என்று முடிவு கட்டாதீர்கள்.

ருசி பார்ப்பது பற்றிச் சுருக்கமாக. ஒரு நாளைக்கு இரண்டு ஆலை போதும், மூன்றாவதில் நாக்கு மரத்துப்போயிருக்கும். வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போகாதீர்கள். வெறும் வயிற்றில் வேண்டாம். மெல்லிய வெள்ளையில் தொடங்கிச் சிவப்புக்குப் போய், இனிப்பு ஒயினைக் கடைசியாக வையுங்கள். வாளி வைத்திருப்பது துப்புவதற்குத்தான், துப்பினால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள், அந்த ஊர்க்காரர்களே துப்புவார்கள். வண்டி ஓட்டுகிறவர் துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகும், எனவே அவர் குடிக்காமல் இருப்பதுதான் சரி. வீட்டுக்கு வாங்கி வந்தால் சிவப்பை 16 முதல் 18 டிகிரிக்குள் பரிமாறுங்கள். அறை அதைவிடச் சூடாக இருந்தால் கால் மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தெடுத்தாலே ருசி மாறும்.

ஒரே ஒரு வாரம்தான் கிடைக்கும் என்றால் எங்கே போவது? நானாக இருந்தால் அக்டோபர் தொடக்கத்தில் இத்தாலியின் பியெமோந்தே. டொல்செட்டோ, பார்பேரா என்ற திராட்சை வகைகள் பெரும்பாலும் முன்பே பறிக்கப்பட்டு உள்ளே பொங்கிக்கொண்டிருக்கும், பரோலோ ஒயினுக்கான நெபியோலோ திராட்சை பல இடங்களில் இன்னும் கொடியில் இருக்கும். ஒரே பயணத்தில் தோட்டமும் நிலவறையும் கிடைத்துவிடும். ஆனால் அந்தச் சமயத்தில்தான் ஆல்பாவில் வெள்ளை ட்ரஃபிள் சந்தையும் தொடங்கும். வார இறுதியில் அறை கிடைப்பது கஷ்டம். கோடையிலேயே பதிவு செய்துவிட்டு, தோட்டங்களுக்குத் திங்கள் முதல் வியாழனுக்குள் நேரம் கேளுங்கள்.