பதில்: கனமான கையுறை போட்டும் விரல் மரத்துப்போகிறது

அதிகாலையில் பைக்கை அரை மணி நேரம் ஓட்டினாலே கிளட்ச் பிடிக்க முடியாத அளவு விரல் மரத்துவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். இன்னும் தடிமனான கையுறையைத் தேடாதீர்கள் நண்பரே. கோளாறு பெரும்பாலும் நெஞ்சிலும் கழுத்திலும்தான். உடம்பின் நடுப்பகுதி குளிர்ந்தால், ரத்தத்தை அங்கேயே வைத்துக்கொள்ள விரல்களுக்குப் போகும் ஓட்டத்தை உடம்பு குறைத்துவிடும்.

அடுத்த எதிரி காற்று. 5 டிகிரி குளிரில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் வெறும் தோலுக்கு அது மைனஸ் 2 போல உறைக்கும். கம்பளி ஸ்வெட்டருக்குள் காற்று சுலபமாகப் புகும்; அதனால் மேலே காற்றுப் புகாத ஜாக்கெட் கட்டாயம். மழைக்கோட்டு கூடப் போதும். கழுத்தையும் மூடுங்கள். கையுறைக்குள் விரலை அசைக்க இடம் இருக்கட்டும், இறுக்கினால் ரத்த ஓட்டம் இன்னும் குறையும். ஹேண்டில்பாருக்குக் காற்றுத் தடுப்பு மாட்டினால் நல்ல வித்தியாசம் தெரியும்.

மரத்த கையை சைலன்சரில் மட்டும் வைக்காதீர்கள், சுடுவதே தெரியாமல் வெந்துவிடும். அக்குளில் வைத்தால் போதும். அப்புறம், கிளம்பிய புதிதில் டயரும் குளிர்ந்திருக்கும், பிடிப்பு குறைவு; வளைவில் நிதானம். நடுக்கம் நிற்காவிட்டாலோ யோசனை மந்தமானாலோ வண்டியை ஓரங்கட்டிவிடுங்கள்.