லண்டன் இன்டர்ன்ஷிப்: ஏற்றுக்கொள்ளுங்கள், ஆனால் டீமைப் பற்றி விசாரித்துவிட்டு

லண்டனில் முதுகலை படிக்கிறீர்கள், ஒரு இன்வெஸ்ட்மென்ட் பேங்கில் கோடைகால இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது, வேலை நேரத்தை நினைத்து ஏற்பதா விடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏற்றுக்கொள்ளுங்கள். முதலாண்டு அனலிஸ்டுகளை, அதாவது படிப்பு முடித்ததும் சேரும் கீழ்நிலை ஊழியர்களை, பெரும்பாலும் இன்டர்ன்களிலிருந்துதான் எடுக்கிறார்கள், பிறகு வெளியிலிருந்து நுழைவது ரொம்பக் கஷ்டம்.

உங்கள் பயம் நியாயமானதுதான். 2021இல் கோல்ட்மேன் சாக்ஸ் வங்கியின் முதலாண்டு அனலிஸ்டுகள் 13 பேர் தாங்களே எடுத்த கணக்கெடுப்பில், வாரத்துக்குச் சராசரியாக 95 மணி நேர வேலை, இரவில் ஐந்து மணி நேரத் தூக்கம் என்று வந்தது. 2024இல் ஜேபி மார்கன் வங்கி வாரத்துக்கு 80 மணி நேர வரம்பு கொண்டுவந்தது, ஆனால் டீல் (நிறுவனங்களை வாங்குவது, இணைப்பது போன்ற பேரம்) நடக்கும்போது அதற்கு விலக்கு உண்டு. அதனால் வங்கியின் பெயரைவிட எந்த டீம் என்பதுதான் முக்கியம். அந்த டீமின் இரண்டாமாண்டு அனலிஸ்ட் ஒருவரிடம் தனியாகப் பேசி, போன சனி ஞாயிறு என்ன செய்தார் என்று கேளுங்கள், "பொதுவாக எப்படி?" என்று கேட்டால் மழுப்பலான பதில்தான் வரும்.

சட்டம் வைத்திருக்கும் 48 மணி நேர வார வேலை வரம்பு எனக்கு வேண்டாம் என்று உங்களிடம் கையெழுத்து கேட்பார்கள். பிரிட்டன் சட்டப்படி அந்தச் சம்மதத்தைப் பிறகு திரும்பப் பெறலாம்.

அப்புறம், மேலதிகாரிகள் இரண்டு பேர் ஒரே இரவில் வேலை கொடுத்தால் இருவரையும் சேர்த்தே மெயில் போட்டு எது முதலில் வேண்டும் என்று கேளுங்கள். இதற்காக யாரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்கள், தப்பான எண்களோடு விடியற்காலையில் அனுப்பினால்தான் நினைப்பார்கள்.