கூட்டாளிகள் கொத்திக் கண் வீங்கிய காடையை எப்படிக் கவனிப்பது?

ஏற்காட்டு வீட்டில் வளர்க்கும் ஆறு காடைகளில் ஒன்றை மற்றவை கொத்தியதில் அதன் ஒரு கண் திறக்கவே இல்லை என்று கேட்டிருந்தீர்கள். முதலில் அதைத் தனியே பிரியுங்கள். ரத்தத்தைப் பார்த்துவிட்டால் மற்றவை விடாது.

அட்டைப்பெட்டி போதும். அடியில் மரத்தூள் வேண்டாம், கண்ணில் விழும். பழைய துண்டை விரியுங்கள். மேலே கம்பிவலைக்குப் பதில் துணி கட்டுங்கள். காடை மிரண்டால் நேர்மேலே எகிறி மண்டையை இடித்துக்கொள்ளும். மலைக்குளிருக்கு, துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலை ஒரு ஓரமாக வையுங்கள்.

அப்புறம் கண். மருந்துக்கடையில் கிடைக்கும் நார்மல் சலைன் என்ற உப்புநீரை வெதுவெதுப்பாக்கி, காஸ் துணியில் நனைத்து, இமைமேல் ஒரு நிமிடம் ஒற்றி வையுங்கள். பொருக்கு ஊறித் தானே கழன்று வரும், நகத்தால் உரிக்காதீர்கள். மஞ்சள் வைக்கச் சொல்லும் பாட்டி எல்லா வீட்டிலும் உண்டு. கண்ணுக்குள் அது வேண்டவே வேண்டாம். வீட்டில் மீந்த சொட்டு மருந்தும் ஆபத்து: அதில் ஸ்டீராய்டு இருந்து, கருவிழியில் கீறலும் இருந்தால் புண் ஆழமாகும்.

கருவிழி வெண்மையாக மங்கினாலோ, சீழ் வந்தாலோ, இரை எடுக்காவிட்டாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள். சேலத்திலிருந்து சுமார் 50 கி.மீ. தொலைவில் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

தீவனமும் தண்ணீரும் நல்ல கண் பக்கம் இருக்கட்டும். சமையலறைத் தராசில் தினமும் எடை பாருங்கள்.

சரி, ஆறில் ஆண் எத்தனை? இரண்டு என்றாலே சண்டைக்குக் காரணம் அதுவாக இருக்கலாம். மூன்று நான்கு பெட்டைக்கு ஓர் ஆண் போதும்.