பழைய வேட்டை ரைபிளுக்குப் புதிய குழல்: எந்தத் தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: என் தாத்தா வாங்கிய, ஜெர்மனியில் செய்யப்பட்ட மௌசர் 98 ரைபிள், வாரிசு முறையில் உரிமம் மாற்றப்பட்டு இப்போது என் பெயரில் உள்ளது. அது 7×57 தோட்டாவுக்கானது (7 மி.மீ. குண்டு, 57 மி.மீ. நீளக் கூடு). குழலின் உட்புறம் அரித்துவிட்டதால் குண்டுகள் ஓரிடத்தில் விழாமல் சிதறுகின்றன. அந்தத் தோட்டாவும் மதுரைக் கடைகளில் அரிதாகவே கிடைக்கிறது. எப்படியும் குழலை மாற்றத்தான் போகிறோம், அப்போதே எளிதில் கிடைக்கும் வேறு தோட்டாவுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள். .308 சிறந்தது என்கிறார் ஒரு நண்பர்; .315 போதும் என்கிறார் உறவினர். ரைபிள் கிளப்பில் இலக்குப் பயிற்சிக்கு மட்டுமே இதைப் பயன்படுத்துகிறேன். எதைத் தேர்ந்தெடுக்கலாம்? (வாசகர், சாப்டூர்)

பதில்: இந்த ரைபிளில் 7×57-க்கு மாற்றாக நீங்கள் எண்ணிப்பார்க்கத் தக்கது .30-06 ஸ்பிரிங்ஃபீல்ட் ஒன்றுதான். அதுவும் மேகசின் (ரைபிளுக்குள் தோட்டாக்கள் அடுக்கப்படும் பெட்டி) அளவு இடம் கொடுத்தால் மட்டுமே. இடம் கொடுக்காவிட்டால் அதே 7×57 தோட்டாவுக்கான புதிய குழலைப் பொருத்திக்கொள்வதே முறை. நண்பரும் உறவினரும் சொன்ன இரண்டும் உங்களுக்கு ஏற்றவை அல்ல.

அதற்கு முன், குழல் உண்மையிலேயே கெட்டுவிட்டதா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். பழங்காலத் தோட்டாக்களின் பற்றவைப்பு மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் அது விட்டுச்செல்லும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக் குழலை அரிக்கும். தேர்தல் காலங்களில் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, வாரக்கணக்கில் எண்ணெய் காணாமல் கிடந்த துப்பாக்கிகளிலும் துரு ஏறியிருக்கும். ஆனால் சிதறலுக்கு அரிப்பு மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை; பல ஆண்டுகளாகப் படிந்த செம்புப் படலமும், குழல் வாயின் விளிம்பில் விழுந்த ஒரு சிறு நசுங்கலும் அதே விளைவைத் தரும். படலத்தை முழுவதுமாக நீக்கிவிட்டு மீண்டும் சுட்டுப் பாருங்கள். நசுங்கிய வாயைச் சீர்செய்வதற்காக நுனியைச் சிறிதளவு வெட்டலாம் என்று யாராவது சொன்னால் உடனே சம்மதித்துவிடாதீர்கள்; குழலைக் குறுக்குவதற்கென்றே உரிமம் வேண்டும் என்று ஆயுதச் சட்டம், 1959-இன் 6-ஆம் பிரிவு சொல்கிறது.

குழலை மாற்றியே ஆகவேண்டும் என்று உறுதியானால், முதலில் .308-ஐ விலக்கிவிடுங்கள். தோட்டா என்ற வகையில் அதில் குறையில்லை. ஆனால் .308-க்குக் குடையப்பட்ட அறையில் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடம்) 7.62×51 ராணுவத் தோட்டாவும் நுழையும். .303 அல்லது 7.62 மி.மீ. படைத் தோட்டாவை ஏற்றுச் சுடக்கூடிய ரைபிள்களை ஆயுத விதிகள், 2016 கட்டுப்படுத்தப்பட்ட வகையில் வைத்திருக்கின்றன. ஒரு வகைத் துப்பாக்கியை வேறு வகையாக மாற்றுவதையும் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் மேற்சொன்ன 6-ஆம் பிரிவுக்குள் கொண்டுவந்துவிட்டது. தாத்தா காலத்திலிருந்து முறையாக வைத்திருக்கும் ஒரு பொருளை, நல்ல எண்ணத்தோடு செய்த ஒரு மாற்றத்தால் குற்றப் பொருளாக்கிவிடக் கூடாது என்பதே என் கவலை.

.315-க்குத் தடை சட்டத்தில் இல்லை, இரும்பில் இருக்கிறது. .315 என்று நாம் வாங்குவது 8×50ஆர் மான்லிக்கர் என்னும் பழைய ஆஸ்திரியத் தோட்டா. அதன் அடியில் வெளியே துருத்தும் விளிம்பு உண்டு. அந்த விளிம்பின் விட்டம் சுமார் 14 மி.மீ. உங்கள் மௌசரின் போல்ட் (தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டும் உருளை) முகமோ சுமார் 12 மி.மீ. அடியுள்ள, விளிம்பு துருத்தாத தோட்டாவைப் பிடிப்பதற்காகச் செய்யப்பட்டது. மேகசினும் அப்படியே. போல்ட் முகத்தைக் குடைந்து, மேகசினை மாற்றி, தோட்டா ஏறும் வழியையும் திருத்தி இதைச் செய்து முடிப்பதற்குள் நல்ல மௌசர் ஒன்று உருக்குலைந்துவிடும்.

.30-06-இன் சாதகம் என்னவென்றால், அதன் அடிவிட்டம் 7×57-இன் அடிவிட்டத்தோடு ஏறத்தாழ ஒத்திருப்பதால் போல்ட் முகத்தைத் தொட வேண்டியதில்லை. உள்நாட்டு ஆயுதத் தொழிற்சாலைகள் .315-ஐப் போலவே .30-06 தோட்டாவையும் தயாரித்து வந்திருக்கின்றன. எனவே இறக்குமதிச் சரக்கை எதிர்பார்த்துக் காத்திருக்கும் நிலை குறையும். நீளத்தில்தான் சிக்கல். 7×57 தோட்டாவின் முழு நீளம் அதிகபட்சம் 78 மி.மீ.; .30-06-க்கு அது ஏறக்குறைய 85 மி.மீ. ராணுவ மௌசர் 98-இன் மேகசின் பெட்டியிலேயே இந்த நீளம் மிக நெருக்கமாகத்தான் அமரும். விற்பனைக்காகச் செய்யப்பட்ட வேட்டை ரைபிள்களில், 7×57-க்கு ஏற்றபடி நீளம் குறைத்துச் செய்யப்பட்டவையும் உண்டு. எனவே வெர்னியரைக் கொண்டு உங்கள் மேகசினின் உள்நீளத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அது 85 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால், முன்புறத்தில் தோட்டா ஏறும் சரிவைச் சீவி இடம் உண்டாக்கலாம் என்று சிலர் முன்வருவார்கள். அதை ஒருபோதும் ஏற்காதீர்கள். போல்ட்டின் கீழ்ப்பூட்டு (போல்ட்டைப் பின்வாங்காமல் பிடித்து நிறுத்தும் துருத்தம்), சுடும்போது எழும் அழுத்தத்தை வாங்கிக்கொள்ளச் சாய்ந்து நிற்கும் எஃகு அந்தச் சரிவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. அதைச் சீவுவது சுடுபவரின் முகத்துக்கு நேரே இருக்கும் காப்பைச் சீவுவதாகும்.

அழுத்தத்தைப் பொறுத்தவரை, ஐரோப்பிய அளவுகோலின்படி 7×57-இன் உச்ச வரம்பு 3900 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு), .30-06-க்கு 4050 பார். வேறுபாடு பெரிதல்ல, நல்ல நிலையில் உள்ள 98 அதைத் தாங்கும், அதில் பாதுகாப்புக்கென மூன்றாவது பூட்டும் உண்டு. ஆயினும் பழைய மௌசர்களின் எஃகு, மேற்பரப்பு மட்டும் கடினமாக்கப்பட்ட மென்மையான எஃகு. பல்லாண்டுகள் சுட்டதில் பூட்டுகள் அமரும் இடம் உள்வாங்கியிருந்தால், புதிய குழலைப் பொருத்தினாலும் போல்ட்டுக்கும் தோட்டாவுக்கும் இடையிலான இடைவெளி நாளடைவில் கூடிக்கொண்டே போகும். போல்ட்டைத் தூக்கும்போது நடுவில் சிக்குவதுபோல் உணர்ந்தால் அதற்கான அறிகுறி என்று கொள்ளலாம். அத்தகைய ரைபிளுக்குப் புதிய குழல் எந்த அளவிலும் வேண்டாம்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு உங்கள் ரைபிளுக்கு வேட்டை என்னும் வேலையே இல்லை. தோட்டத்துக்குள் காட்டுப்பன்றி இறங்கினாலும் வனத்துறையிடம் முறையிடுவதே வழி. ஆகவே அதிக வலிமைக்காகப் பெரிய தோட்டாவைத் தேட வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. காகித இலக்கில் சுடுபவருக்கு 7×57-இன் மென்மையான உதைப்பு பெரிய வரம். அதே எடையுள்ள ரைபிளில் .30-06 தோளை இன்னும் பலமாகத் தாக்கும். ஜிம் கார்பெட் பயன்படுத்திய .275 ரிக்பி என்பதும் இதே 7×57 தோட்டாதான். தோட்டா கிடைப்பதில்லை என்ற ஒரு குறை இல்லாவிட்டால், மாற்ற வேண்டாம் என்றே தயங்காமல் எழுதியிருப்பேன். எனவே மதுரையோடு நிற்காமல், பிற நகரங்களின் உரிமம் பெற்ற விற்பனையாளர்களிடமும் 7×57 இருப்பைக் கேட்டு, உங்கள் உரிமத்தில் அனுமதித்த எண்ணிக்கையில் ஓராண்டுக்குத் தேவையானது கிடைக்கும் என்று தெரிந்தால் அதிலேயே நிலைத்திருங்கள்.

.30-06 என்று முடிவானால், வேலையைத் தொடங்கும் முன்பே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்துமூலம் விண்ணப்பித்து அனுமதி பெறுங்கள். உரிமத்தில் புதிய அளவு பதிவாகாமல் எந்தக் கடையிலும் அந்தத் தோட்டாவை உங்களுக்கு விற்க மாட்டார்கள். குழலை மாற்றுபவரும் அதற்குரிய உரிமம் உள்ளவராக இருக்க வேண்டும். கடைசல் பட்டறை வைத்திருப்பவர் எவ்வளவு கைத்திறன் உள்ளவராயினும் அவரிடம் கொடுக்கக் கூடாது. கழற்றிய பழைய குழலும் சட்டத்தின் பார்வையில் ஆயுதத்தின் பாகமே ஆதலால், அது யாரிடம் எப்படி ஒப்படைக்கப்பட்டது என்பதற்கு ரசீது வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் அறையின் ஆழத்தை அதற்குரிய அளவிகளால் சரிபார்த்ததற்கும், கூடுதல் அழுத்தத் தோட்டாவால் சோதித்ததற்கும் சான்று கேளுங்கள்.

கேள்வி: என்னிடம் உள்ளது உள்நாட்டு ஆயுதத் தொழிற்சாலையின் பழைய .315 ரைபிள். குழல் தேய்ந்துவிட்டது. .30-06 குழல் பொருத்தினால் இன்னும் துல்லியமாகச் சுடும் என்கிறார்கள். சரியா? (வாசகர், மேலூர்)

பதில்: வேண்டாம். உங்கள் ரைபிளின் அமைப்பு லீ-என்ஃபீல்டு வழியில் வந்தது. அதன் பூட்டுகள் போல்ட்டின் பின்பகுதியில் உள்ளன. விளிம்புள்ள, குறைந்த அழுத்தத் தோட்டாவுக்கு அது போதுமானது. .30-06-இன் அழுத்தத்தில் போல்ட் நெளிந்துகொடுக்கும். மேகசினின் நீளமும் போதாது. தேய்ந்த குழலுக்குப் பதிலாக அதே .315 குழலையே பொருத்திக்கொள்ளுங்கள். உரிமத்தில் அளவு மாறாததால் அந்த வகையில் அலைச்சலும் இல்லை. குழல் மாற்றும் செலவு, அதே அளவில் புதிய ரைபிள் வாங்கும் விலையில் பாதியைத் தாண்டுமானால், பழையதை உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் முறைப்படி கொடுத்துவிட்டுப் புதியது வாங்குவதற்கு விண்ணப்பிப்பதே உங்களுக்கு லாபம். விற்ற விவரத்தை உரிமத்தில் பதிவுசெய்த பின்னரே புதியதற்கு முன்பணம் கொடுங்கள்.