தம்பி வேலை போனத ஊருக்கு மறைக்கிற ஆச்சிக்கு

ஆச்சி, நீங்க அனுப்புன வாய்ஸ் மெசேஜ ரெண்டு தடவ கேட்டேன். உங்க பையன் தம்பிக்கு சென்னைல வேலை போயி நாலு மாசம் ஆச்சு, தேவகோட்டைல யாருக்கும் தெரியாது, பங்காளி வீட்டுல கேட்டா ஒர்க் ஃப்ரம் ஹோம்னு சொல்லிக்கிட்டு இருக்கீங்க, ஆனா அவன் ஹோமுக்கே வரல, வந்தா தெரிஞ்சிரும்னு நீங்கதான் வேளச்சேரி பிஜிலயே இருக்கச் சொல்லிட்டீங்க. இப்ப ஒரு கன்சல்டன்சிக்காரன் மூணு லட்சம் கட்டுனா பேக்டோர்ல உள்ள தள்ளி விடுறேங்கறான், வளையல அடகு வைக்கலாமான்னு கேக்குறீங்க.

வைக்காதீங்க. மத்ததெல்லாம் அப்பறம் பேசிக்கலாம்.

ஆள் எடுக்குற கம்பெனி ஆள்கிட்டயே காசு கேக்காது ஆச்சி. இந்த மாதிரி பார்ட்டிங்க காச வாங்கிட்டு போன எடுக்கமாட்டாங்க, இல்லன்னா பொய்யா ஒரு எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் அடிச்சுக் குடுப்பாங்க, பேக்ரவுண்ட் செக்ல அது மாட்டுனா கெட்ட பேரு தம்பிக்குத்தான். நாளைக்கே வேற ஒருத்தன் வெளிநாட்டு வேலைன்னு வருவான், அவன்கிட்ட லைசென்ஸ் இருக்கான்னு மத்திய அரசோட இமைக்ரேட் சைட்ல பாருங்க. லைசென்ஸ் உள்ள ஏஜென்ட்டே சர்வீஸ் சார்ஜா 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் தாண்டி வாங்கக்கூடாதுன்னு விதி இருக்கு. 2022ல தாய்லாந்துல டேட்டா என்ட்ரி வேலைன்னு போன நம்ம தமிழ்நாட்டு பசங்கள பர்மா எல்லைல இருக்கிற மியாவாடில ஆன்லைன் மோசடிக் கும்பல்கிட்ட கொண்டுபோய் விட்டாங்க. நம்ம ஐயாக்கள் கொண்டுவிக்க, அதான் வட்டித்தொழில் பண்ண, போன அதே பர்மா, என்னத்த சொல்ல.

பர்மான்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. 1930 மந்தத்துல அங்க நெல்லு விலை விழுந்துச்சு, கடன் வாங்குன குடியானவனால கட்ட முடியல, நெலமெல்லாம் செட்டியாருங்க பேருக்கு வந்துச்சு. கீழ் பர்மா நெல்லு நெலத்துல கால்வாசி கிட்ட நம்மவங்ககிட்டன்னு கணக்கு. ஐந்தொகைல, அதான் பேலன்ஸ் ஷீட்ல, சொத்து மலை மாதிரி இருக்கும், பெட்டில ரொக்கம் இருக்காது, 1942ல ஜப்பான்காரன் வந்தப்ப நெலத்த தூக்கிக்கிட்டா நடந்து வர முடியும்? உங்க வீட்டுலயும் முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டுன்னு எல்லாம் இருக்கு, கையில எத்தன மாசத்துக்கு ரொக்கம் இருக்குன்னு கேட்டா நீங்க பேச்ச மாத்துறீங்க.

நானும் மறைச்சவன்தான். 2008 செப்டம்பர்ல லேமன் பிரதர்ஸ் விழுந்துச்சே, அடுத்த வருசமே எனக்கு வேலை போச்சு. ரெண்டு மாசம் வீட்டுல சொல்லல. பொங்கலுக்கு வந்தேன், எங்க அப்பச்சி, அப்பாதான், காரைக்குடி கல்லுக்கட்டில ஒரு இரும்புக்கடைல கணக்கெழுதிக்கிட்டு இருந்தவரு, ஒரு வார்த்தை கேக்கல, சாப்ட்டு முடிச்சதும் செகப்பு அட்டை நோட்ட எடுத்து என் முன்னாடி வச்சு உன் மாசச் செலவ எழுதுன்னாரு. ரூம் வாடகை 3,500ன்னு எழுதுனேன். அதுமேல பேனாவ வச்சுக்கிட்டு, "இது யாருக்குக் கட்டுற?"ன்னாரு. எனக்கு வாய் வரல. ஊர் வாய்க்குத்தான கட்டிக்கிட்டு இருந்தேன்.

தம்பியோட பிஜி வாடகையும் அதே மாதிரி ஊர் வாய்க்குக் கட்டுறதுதான். கூட்டிட்டு வாங்க. உங்க வீட்டுக்கார அண்ணன், நீங்க, தம்பி மூணு பேரும் உக்காந்து கணக்கு எழுதுங்க, பிள்ளைய வெளிய அனுப்பிட்டு பெரியவங்க மட்டும் குசுகுசுன்னு பேசாதீங்க. கல்யாணமானதும் உங்கள தனி அடுப்பா வேறு வச்சப்ப அளந்து குடுத்த சாமான வச்சு குடும்பம் நடத்துன ஆளு நீங்க, உங்களுக்கு பட்ஜெட் நான் சொல்லித்தரணுமா.

கணக்குல மொதல்ல எஜுகேஷன் லோன் வரணும். இஎம்ஐ 90 நாளைக்கு மேல நின்னா வாராக்கடன்ல போட்டுருவாங்க. தம்பி ஐபிபிஎஸ் பேங்க் பரீட்சை எழுதுறேங்கறான்ல, சேரும்போது கிரெடிட் ஹிஸ்டரி பாப்பாங்க, லோன்ல கோட்ட விட்டுட்டு பேங்க்ல வேலை கேட்டு நிக்க முடியுமா சொல்லுங்க. இப்பவே மேனேஜர நேர்ல பாத்து வேலை போச்சுன்னு சொல்லி தவணைய கொறைக்க வழியிருக்கான்னு கேளுங்க, நாமளா போயி கேட்டா பேச்சே வேற. அப்பறம், கம்பெனி மெடிக்கல் இன்சூரன்ஸ்ல உங்களையும் அண்ணனையும் சேத்திருந்தான்ல, வேலையோட அதுவும் போயிருச்சு, அண்ணனுக்கு சுகர் வேற, தனியா ஒரு பாலிசி பாக்கணும். பிஎஃப்ப அவசரப்பட்டு எடுக்க வேணாம், புது கம்பெனிக்கு மாத்திக்கலாம்.

வேலைக்கு வருவோம். நாலு மாசமா ராத்திரி பகலா போர்ட்டல்ல அப்ளை பண்றான், முந்நூறு போட்டிருக்கான், பதில் வந்தது ரெண்டு. மந்த காலத்துல தெரிஞ்சவங்க சொல்லித்தான் நெறைய எடத்துல ஆள் எடுப்பாங்க. உங்க கோவில் பங்காளிங்கள்லயே எத்தன பேரு கோயம்புத்தூர், பெங்களூரு, சிங்கப்பூர்னு இருக்காங்க, அவன் வேலைல இருக்கான்னு நீங்க சொல்லிட்டா அவங்க எதுக்கு வேலை சொல்லப்போறாங்க? அது கிடைக்கிற வரைக்கும் காரைக்குடில ஒரு ஆடிட்டர் ஆபீஸ்லயோ புதுவயல் ரைஸ் மில்லுலயோ கம்ப்யூட்டர் வேலை பாக்கட்டும், சம்பளம் பாதிகூட வராது, இருந்தாலும் இன்டர்வியூல இத்தன மாசம் என்ன பண்ணேன்னு கேட்டா சொல்றதுக்கு ஒண்ணு இருக்கும். சாயங்காலம் ஐபிபிஎஸ்ஸுக்குப் படிக்கட்டும். பி.இ. படிச்சவன் மில்லுலயான்னு நீங்க மூஞ்சி சுளிக்கிறது இங்க தெரியுது.

சம்பந்தம் பேச வர்றவங்க என்ன நெனப்பாங்கன்னு கடைசியா அழுதீங்க. அவங்க பொண்ண கட்டிக் குடுத்தப்பறம் தெரியிறத விட இப்ப தெரியிறது நல்லது ஆச்சி, இதுல எனக்கு வேற கருத்தே கெடையாது.

வெள்ளிக்கிழம தம்பிய பல்லவன் எக்ஸ்பிரஸ்ல ஏறச் சொல்லுங்க. சனிக்கிழம காலைல மூணு பேரும் வாங்க, ரிலீவிங் லெட்டர், கடைசி மூணு மாச பே ஸ்லிப், லோன் ஸ்டேட்மென்ட் எல்லாம் ஒரு ஃபைல்ல போட்டு எடுத்துட்டு வாங்க. அந்த கன்சல்டன்சிக்காரன் திரும்ப கூப்பிட்டா என் நம்பர குடுங்க, நான் பேசிக்கறேன்.