எம்பிஏ படிக்க 1.6 லட்சமா, 11.5 லட்சமா?

கேள்வி: ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். ஆண்டு வருமானம் 3.6 லட்சம். எம்பிசி பிரிவு. மகள் பி.காம். முடித்து, டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றின் மேலாண்மைத் துறையில் சேர்ந்தால் விடுதியோடு இரண்டு வருடத்துக்கு 1.6 லட்சம்தான் ஆகும் என்கிறார்கள். சென்னைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் 11.5 லட்சம். அங்கே நூறு சதவீதம் வேலை உறுதி, இந்த வெள்ளிக்கிழமைக்குள் 1 லட்சம் கட்டினால் ஸ்காலர்ஷிப் என்று தினமும் போன் வருகிறது. கடனும் அவர்களே ஏற்பாடு செய்வார்களாம். எதில் சேர்க்கலாம்?

பதில்: முதலில், வெள்ளிக்கிழமை பணம் கட்டாதீர்கள் ஐயா. மற்றதைப் பொறுமையாகப் பேசலாம்.

அந்த போன் ஏன் இப்போது வருகிறது என்று தெரிந்தால் பாதி பதற்றம் போய்விடும். டான்செட் தேர்வை அரசு சார்பில் அண்ணா பல்கலைக்கழகம் பெரும்பாலும் மார்ச்சில் நடத்துகிறது. அந்த மதிப்பெண்ணை வைத்து எம்பிஏ கவுன்சலிங் நடத்துவது கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. அது தொடங்குவதற்குள் சில மாதங்கள் ஓடிவிடும். இந்த இடைவெளிதான் தனியாருக்கு அறுவடைக் காலம். நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளை கவுன்சலிங்கில் உட்காருவதற்கு முன்பே ஒரு லட்சத்தை வாங்கிப் போட்டுவிட்டால், அந்தப் பணத்துக்காகவே குடும்பம் அங்கேயே நின்றுவிடும். மண்டியில் அட்வான்ஸ் கொடுத்துச் சரக்கைப் பிடித்து வைப்பார்களே, அதே கணக்குத்தான்.

ஒருவேளை ஏற்கெனவே ஏதாவது கட்டியிருந்தால், பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018இல் வெளியிட்ட விதி இருக்கிறது. சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வேண்டும்; அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை பிடித்தம் செய்யலாம். அந்த 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசித் தேதி தாண்டி 15 நாளுக்குள் 80, அடுத்த 15 நாளில் 50, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. 'நான் ரீஃபண்டபிள்' என்று ரசீதில் அச்சடித்திருந்தாலும் இந்த விதி விதிதான்.

அரசா தனியாரா என்று கேட்கிறீர்கள். நம் மாநிலத்தில் அந்தக் கோடு அவ்வளவு நேராக இல்லை. இங்கே தனியார் பல்கலைக்கழகம் என்று நாம் சொல்வதில் பெரும்பாலானவை நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். அவற்றின் கட்டணத்தை மாநிலக் கட்டணக் குழு நிர்ணயிப்பதில்லை. 69 சதவீத இடஒதுக்கீடும் அங்கே கிடையாது. ஆனால் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த சுயநிதிக் கல்லூரியும் தனியார்தான். அங்கே அரசு ஒதுக்கீட்டு இடம் உண்டு, இடஒதுக்கீடு உண்டு, பட்டம் கொடுப்பது அண்ணா பல்கலைக்கழகம். மதுரை தியாகராசர் மேலாண்மைக் கல்லூரி 1962இல் ஒரு தனியார் அறக்கட்டளை தொடங்கியது. அதை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்? மறுபக்கம், திருச்சி ஐஐஎம் மத்திய அரசு நிறுவனம், கட்டணமோ 15 லட்சத்தைத் தாண்டும். 1984இல் தொடங்கிய திருச்சி பிம், பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் மேலாண்மைக் கல்லூரி. அதன் கட்டணமும் தனியார் பாணியில்தான் இருக்கும். திருச்சியின் இந்த இரண்டுக்கும் கேட் (CAT) போன்ற அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், அது இப்போது உங்கள் கணக்கில் இல்லை. எனவே பெயர்ப்பலகையை விட்டுவிட்டு இரண்டு எண்களைப் பார்ப்போம்: படித்து முடித்தவர்களில் நடுவில் நிற்பவர் வாங்கும் சம்பளம், மாதத் தவணை.

முதல் எண். நெடுஞ்சாலை பேனரில் '24 லட்சம் பேக்கேஜ்' என்று ஒரு பிள்ளையின் படம் இருக்கும். அந்தப் பிள்ளை உண்மையாகவே வாங்கியிருக்கலாம். உங்கள் மகள் அந்த ஒருவராக இருப்பாரா என்பதை யாராலும் சொல்ல முடியாது. 120 பேரைச் சம்பள வரிசையில் நிற்க வைத்தால் நடுவில் நிற்பவர் என்ன வாங்குகிறார்? அதுதான் மீடியன் சம்பளம். இதைத் தெரிந்துகொள்ள யாரிடமும் கெஞ்ச வேண்டாம். மத்திய அரசு கல்வி நிறுவனங்களுக்கு வெளியிடும் என்ஐஆர்எஃப் (NIRF) தரவரிசையில் பங்கேற்கும் நிறுவனங்கள், தாங்கள் கொடுத்த விவரங்களைத் தங்கள் இணையதளத்திலேயே பிடிஎஃப் கோப்பாகப் போட வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெயரோடு 'என்ஐஆர்எஃப் மேனேஜ்மென்ட்' என்று கூகுளில் தேடினாலே வரும்.

இங்கே ஒரு சூட்சுமம். ஒரே பல்கலைக்கழகம் 'ஓவரால்', 'யுனிவர்சிட்டி', 'இன்ஜினியரிங்', 'மேனேஜ்மென்ட்' என்று தனித்தனி கோப்புகள் வைத்திருக்கும். 'ஓவரால்' கோப்பில் இரண்டு வருட முதுகலை என்ற வரியில் எம்.எஸ்சி., எம்.ஏ., எம்.காம். எல்லாம் கலந்து கிடக்கும், அது உங்களுக்கு உதவாது. 'மேனேஜ்மென்ட்' என்று போட்டதைத்தான் திறக்க வேண்டும். அதில் இரண்டு வருட முதுகலைக்கான அட்டவணையில் வருடவாரியாக எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் தேறினார்கள், எத்தனை பேருக்கு வேலை, மீடியன் சம்பளம் எவ்வளவு, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்று பக்கம் பக்கமாக இருக்கும். உதாரணத்துக்கு 180 பேர் சேர்ந்து, 168 பேர் தேறி, 121 பேருக்கு வேலை என்று இருந்தால், 'நூறு சதவீதம்' எங்கிருந்து வந்தது? பிளேஸ்மென்ட் செல்லில் பெயர் பதிந்து, அரியர் இல்லாமல், வருகைப்பதிவு சரியாக இருந்தவர்களை மட்டும் மொத்தமாக எடுத்துக்கொண்டால் வந்துவிடும். அந்தக் கோப்பிலுள்ள எண்களும் அவர்களே கொடுப்பவைதான். ஆனாலும் போனில் சொல்லும் பொய்யை எழுத்தில் சொல்லக் கொஞ்சம் கூச்சம் இருக்கும்.

என்ன வேலை என்பதையும் கேளுங்கள். இருபது வருடத்துக்கு மேல் எம்பிஏ வகுப்பெடுத்தவன் நான். ஒரு வருடம் ஒரு நிறுவனம் வந்து 'மேனேஜ்மென்ட் டிரெய்னி' என்று ஒரே நாளில் நாற்பது பேரை அள்ளிக்கொண்டு போனது. கல்லூரி வாசலில் வாழ்த்து பேனர். போன பிறகுதான் தெரிந்தது, வீடு வீடாகப் போய் பாலிசி பிடிக்கிற வேலை, மாத டார்கெட், எட்டாவிட்டால் சம்பளத்தில் வெட்டு. தீபாவளிக்குள் பாதிப் பேர் ஊர் திரும்பிவிட்டார்கள். கல்லூரிக் கணக்கில் அந்த நாற்பது பேரும் இன்றைக்கும் 'பிளேஸ்டு'தான். விற்பனை வேலை கேவலம் என்று சொல்லவில்லை, உங்கள் மண்டியே விற்பனையில்தான் நடக்கிறது. அந்த வேலைக்கு 11.5 லட்சம் தேவையா என்பதுதான் கேள்வி.

இரண்டாவது எண் உங்களுக்குக் கைவந்த விஷயம், பேனாவை எடுங்கள். கையிலிருந்து 1.5 லட்சம் போட்டு 10 லட்சம் கடன் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 10.5 சதவீதம், நான்கு செமஸ்டருக்கும் பிரித்துக் கொடுக்கிறார்கள், படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத் தவணை தொடங்குகிறது. அதற்குள் சாதா வட்டியே 2.36 லட்சம் ஏறியிருக்கும். 12.36 லட்சத்துக்குப் பத்து வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 16,700. மொத்தம் கட்டி முடிக்கும்போது 20 லட்சம்.

இப்போது 4.5 லட்சம் சிடிசி, அதாவது நிறுவனம் காகிதத்தில் காட்டும் மொத்த வருடச் சம்பளம், என்று ஒரு வேலை கிடைக்கிறது. இரண்டு பக்க பிஎஃப், கிராஜுவிட்டி, இன்சென்டிவ் என்று காகிதத்தில் மட்டும் இருப்பதைக் கழித்தால் கைக்கு வருவது 31,000 சுற்றி. சென்னையில் மகளிர் விடுதியில் சாப்பாட்டோடு 10,000. தவணை 16,700. மிச்சம் 4,300; அதில்தான் பஸ், போன் ரீசார்ஜ், ஊருக்கு வந்துபோகிற செலவு, உடம்பு சரியில்லை என்றால் மருந்து எல்லாம். வேறு மாதிரி சொன்னால், கூடுதலாக வாங்கும் ஒவ்வொரு 1 லட்சம் கடனுக்கும் வருடச் சம்பளத்தில் 20,000 ரூபாய் தவணைக்கே போகும். 10 லட்சத்துக்கு அது வருடம் 2 லட்சம்; அவ்வளவு கைக்கு வரக் காகிதச் சம்பளம் அதைவிடக் கூட வேண்டும். ஆக, உங்கள் விஷயத்தில் அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தின் மீடியன், அரசுத் துறையின் மீடியனைவிட வருடத்துக்கு இரண்டரை லட்சமாவது கூட இருந்தால்தான் பேச்சுக்கே இடம்.

வட்டி மானியம் இருக்கிறதே என்று வங்கியில் சொல்வார்கள். 2024 நவம்பரில் மத்திய அரசு அறிவித்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில் பிணையோ ஜாமீனோ இல்லாமல் கடன் உண்டு. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு, படிக்கும் காலத்திலும் அடுத்த ஒரு வருடத்திலும் 3 சதவீத வட்டி மானியம். 4.5 லட்சத்துக்குள் இருப்பவர்கள் தொழிற்படிப்பு படித்தால் அந்தக் காலத்துக்கு முழு வட்டியும் மானியம். உங்கள் வருமானம் 3.6 லட்சம், எனவே கிடைத்தால் தவணை 13,500க்கு இறங்கும். ஆனால் பல்கலைக்கழகம் அந்தத் திட்டத்தின் பட்டியலில் இருக்க வேண்டும், சேர்க்கையும் தகுதி அடிப்படையில் நடந்திருக்க வேண்டும். கல்லூரி ஏஜென்ட் வாயால் சொல்வதை நம்பாமல் நேராக வங்கிக் கிளைக்குப் போய்க் கேளுங்கள். இந்தத் திட்டம் இல்லாமல் 7.5 லட்சத்துக்கு மேல் போனால் வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கும்; வீட்டுப் பத்திரத்தை இதற்காக எடுத்து நீட்டாதீர்கள். எம்பிசி கல்வி உதவித்தொகைக்கு வருமான வரம்பு 2.5 லட்சம் என்பதால் அது உங்களுக்கு வராது.

அரசுப் பல்கலைக்கழகத்தில் எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. நிரந்தரப் பேராசிரியர் இடங்கள் வருடக்கணக்கில் காலி, கௌரவ விரிவுரையாளர்களை வைத்து வண்டி ஓடுகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே 2023 ஆகஸ்டுக்குப் பிறகு நீண்ட காலம் துணைவேந்தர் இல்லை. ஆளுநருக்கும் அரசுக்கும் நடந்த இழுபறி உச்ச நீதிமன்றம் வரை போனது. பிளேஸ்மென்ட் அலுவலகம் என்று ஒரு அறை இருக்கும், உள்ளே ஒருவர் இருப்பார், அவருக்கு வேறு மூன்று பொறுப்புகள் இருக்கும். தனியாரில் இதை ஒரு தொழிலாகவே நடத்துகிறார்கள்: மாக் இன்டர்வியூ, ஆங்கிலப் பேச்சு, எக்செல் பயிற்சி, இன்டர்ன்ஷிப். தமிழ்வழியில் படித்துவிட்டு குரூப் டிஸ்கஷனில் வாய் திறக்கப் பயப்படும் பிள்ளைகளுக்கு அது நிஜமாகவே உதவுகிறது. ஆனால் அந்தப் பயிற்சிக்கு 10 லட்சம் விலை அதிகம். அரசுத் துறையில் சேருபவர் முதல் செமஸ்டரிலிருந்தே அதைத் தானாகத் தேடிப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

'அந்த அரசுத் துறைக்கு ஏஐசிடிஇ அனுமதியே இல்லை' என்று, தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவின் பெயரைச் சொல்லிப் போனில் பயமுறுத்தியிருந்தால் கவலைப்படாதீர்கள். பல்கலைக்கழகம் தன் சொந்தத் துறையில் படிப்பு தொடங்க ஏஐசிடிஇயின் முன் அனுமதி தேவையில்லை என்று 2001இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்குப் போட்டது நம் பாரதிதாசன் பல்கலைக்கழகம்தான்.

என் முடிவு இது. இந்த இரண்டில் ஒன்று என்றால் அரசுத் துறை. ஆனால் நீங்கள் கேட்காத மூன்றாவது வழியும் இருக்கிறது: கவுன்சலிங்கில் கோவை, மதுரைப் பக்கத்து நல்ல சுயநிதி அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடம். அங்கே ஒரு மில், ஒரு பம்ப் கம்பெனி, ஒரு பைனான்ஸ் அலுவலகம் என்று இன்டர்ன்ஷிப்புக்கு நடந்தே போகலாம். விருப்பப் பட்டியல் கொடுப்பதற்கு முன், ஒவ்வொன்றிலும் போன வருடம் முடித்த இரண்டு பேரிடம் மகளையே பேசச் சொல்லுங்கள். லிங்க்ட்இன்னில் கல்லூரிப் பெயர் போட்டால் வந்துவிடுவார்கள். முதல் சம்பளம் எவ்வளவு, இப்போதும் அதே வேலையில் இருக்கிறீர்களா என்ற இரண்டு கேள்வி போதும்.

சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், பட்டப்படிப்பு மதிப்பெண் பட்டியல் இவற்றின் அசல் எல்லாம் உங்கள் பீரோவிலேயே இருக்கட்டும். சரிபார்த்துவிட்டுக் கையோடு திருப்பித் தர வேண்டும், அசலைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்பதும் அதே 2018 யுஜிசி விதியில் இருக்கிறது. 'சும்மா ஒரு வாரத்துக்கு ஆபீஸில் கொடுத்து வையுங்கள்' என்று கேட்டால் ஜெராக்ஸ் கொடுங்கள்.