எத்தனையாவது நாள் ரத்தம்?

அன்புள்ள டாக்டர்,

என் அப்பாவுக்கு 66 வயது. பெருங்குடலின் வலது பக்கத்தில் புற்றுக் கட்டி. லேப்ராஸ்கோப்பியில் ஆபரேஷன் முடிந்து இன்று பன்னிரண்டாம் நாள், வீட்டுக்கு வந்துவிட்டார். ரத்தப் பரிசோதனை முடிவுகளை எல்லாம் அட்டவணையாகப் போட்டிருக்கிறேன். அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. முதல் நாளிலிருந்து வரிசையாக 96, 171, 140, 88. ஐந்தாம் நாள் வெளி லேபில் 5.2. புற்றின் குறியீடாகப் பார்க்கும் சி.இ.ஏ. ஆபரேஷனுக்கு முன் 18.4, ஆறாம் நாள் 9.1. இன்னும் சிவப்பில்தான் இருக்கிறது. ரத்தப் புரதமான அல்புமின் 2.9. நியூட்ரோபில், லிம்போசைட் என்ற இரண்டு வகை வெள்ளணுக்களின் விகிதத்தை நானே கணக்கிட்டேன், 6.8. இணையத்தில் தேடினால் எல்லாமே கெட்ட அறிகுறி என்கிறார்கள். நோய் திரும்புமா என்பதை ரத்தத்தை வைத்துச் சொல்ல முடியுமா? ரத்தத்தில் புற்றின் டிஎன்ஏ மிதக்கிறதா என்று பார்க்கும் சிடி-டிஎன்ஏ பரிசோதனையை இந்த வாரமே செய்துவிடலாமா? எனக்குச் சரியாகத் தூக்கமே இல்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் தூங்குங்கள். உங்கள் அட்டவணை நீங்கள் நினைக்கும் சேதியைச் சொல்லவில்லை.

இனி உங்களைக் கொஞ்சம் திட்டுகிறேன். இவ்வளவு எண்களை எழுதிய நீங்கள், வெட்டியெடுத்த கட்டியைச் சோதித்து எழுதும் பதாலஜி ரிப்போர்ட்டிலிருந்து ஒரு வரிகூட எழுதவில்லை. கட்டி குடல் சுவரில் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, எத்தனை நிணநீர்க்கணுக்களை எடுத்துப் பார்த்தார்கள், அவற்றில் எத்தனையில் புற்று இருந்தது, ரத்தக் குழாய்க்குள் நுழைந்திருக்கிறதா, டிஎன்ஏ பழுதுபார்க்கும் புரதங்கள் இருக்கின்றனவா இல்லையா. நோய் திரும்புமா என்ற கேள்விக்கு இன்றைய தேதியில் அதிகம் பதில் வைத்திருப்பது அந்தத் தாள்தான். குறைந்தது 12 கணுக்களைப் பார்த்திருக்க வேண்டும். ஐந்தாறு மட்டும் பார்த்துவிட்டு ‘கணுக்களில் புற்று இல்லை’ என்று எழுதியிருந்தால் அதை முழுதாக நம்ப முடியாது. அப்பாவின் நாடித்துடிப்பு எவ்வளவு, காய்ச்சல் அடித்ததா, வயிறு உப்பியதா, காற்று எப்போது பிரிந்தது என்பதும் கடிதத்தில் இல்லை. ஆபரேஷன் முடிந்த முதல் வாரத்தில் எந்த அறுவை மருத்துவரும் ரத்தத்துக்கு முன்னால் கேட்கும் கேள்விகள் இவை.

விகிதத்தை விட்டுவிடுங்கள். மயக்க மருந்தோடு வாந்தி வராமலிருக்க டெக்ஸாமெத்தசோன் ஒரு ஊசி போட்டிருந்தாலே நியூட்ரோபில் ஏறி லிம்போசைட் இறங்கிவிடும். ஆபரேஷன் என்ற அடியே அதைத்தான் செய்யும். நீங்கள் படித்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ஆபரேஷனுக்கு முன் எடுத்த ரத்தத்தை வைத்துச் செய்தவை. அவற்றிலும் ஒருவர் 3க்கு மேல் ஆபத்து என்பார், இன்னொருவர் 5 என்பார். அல்புமினும் அப்படித்தான். அதன் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் இருப்பது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 20 நாள், எனவே சாப்பிடாததால் இரண்டே நாளில் 2.9க்கு விழாது. அழற்சியில் நுண்குழாய்கள் கசிந்து அல்புமின் திசுக்களுக்குள் போய்விடுகிறது. ஏற்றிய சலைன் மிச்சத்தை நீர்க்க வைக்கிறது. புரதப் பவுடர் டப்பாவை வாங்கி அடுக்கிவிட்டு மூன்றாம் நாள் மறுபடி சோதிக்காதீர்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ரிப்போர்ட்டின் வலது ஓரத்தில் ‘இயல்பு அளவு’ என்று அச்சடித்திருக்கிறதே, அது யாருடைய இயல்பு? நோயில்லாத, வயிற்றைத் திறக்காத, யாரோ முன்பின் தெரியாத மனிதர்களுடையது. சி.ஆர்.பி. 5க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது அவர்களுக்கான விதி. குடலை வெட்டி ஒட்டிய மனிதனுக்கு இரண்டாம் நாள் 171 என்பதுதான் இயல்பு. அன்றைக்கு அது 4 என்று வந்திருந்தால் ரத்தம் பிடித்த சோதனைக் குழாயில் வேறு யாருடைய பெயரையாவது ஒட்டிவிட்டார்களா என்று பார்க்கச் சொல்லியிருப்பேன். கம்ப்யூட்டருக்கு அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்ததே தெரியாது. அது சிவப்பில் அடித்த எண்ணைப் பார்த்து நீங்கள் தூக்கத்தைத் தொலைத்திருக்கிறீர்கள்.

சி.ஆர்.பி. கல்லீரல் உற்பத்தி செய்யும் புரதம். 1930இல் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டுபிடித்தார்கள். அடி விழுந்த சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கி இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சம் தொடும். அரை ஆயுள் சுமார் 19 மணி நேரம்தான். அதனால் உள்ளே தீ அணைந்தால் மளமளவென்று இறங்கும். இறங்காமல் நின்றாலோ, இறங்கிய பிறகு மறுபடி ஏறினாலோதான் குடலை இணைத்த இடத்தில் கசிவா, சீழா என்று தேட வேண்டும். திறந்த ஆபரேஷனில் உச்சம் இன்னும் அதிகமாக இருக்கும், அதனால் பக்கத்துப் படுக்கைக்காரரின் எண்ணோடு ஒப்பிடுவதும் வீண். 2014இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு மூன்றாம் நாளுக்கு 172, நான்காம் நாளுக்கு 124, ஐந்தாம் நாளுக்கு 144 என்று எல்லை சொன்னது. எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனி எல்லை என்பதைக் கவனியுங்கள்.

அந்த எல்லையும் ஒரு பக்கம்தான் வெட்டும். ஒரு கணக்குப் போடுவோம். நூறு பேருக்குக் குடல் ஆபரேஷன், ஐந்து பேருக்குக் கசிவு என்று வையுங்கள். நான்காம் நாள் எல்லையைத் தாண்டியவர்களில் கசிவு உள்ளவர்கள் நான்கு பேர். சளியாலோ, காயத்தில் சீழாலோ, காரணமே இல்லாமலோ தாண்டியவர்கள் பதினைந்து பேர். ஆக, எண் கூடிய 19 பேரில் நான்கு பேருக்குத்தான் கசிவு. எண் குறைந்த 81 பேரில் ஒருவருக்கு மட்டுமே. அதாவது குறைந்த எண் ‘வீட்டுக்குப் போகலாம்’ என்பதை நன்றாகச் சொல்கிறது, கூடிய எண் ‘கசிவு’ என்பதை மிக மோசமாகச் சொல்கிறது. கூடினால் வயிற்றைத் தொட்டுப் பார், ஸ்கேன் எடு என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது. உங்கள் அப்பாவின் எண்கள் மூன்றாம் நாளிலிருந்தே எல்லைக்குக் கீழே வந்து ஒழுங்காக இறங்கியிருக்கின்றன.

அந்த 5.2 மட்டும் உறுத்தியது. 88லிருந்து ஒரே நாளில் 5.2க்கு எந்தக் கல்லீரலும் இறக்காது. அலகைப் பாருங்கள். மருத்துவமனை லிட்டருக்கு மில்லிகிராமில் எழுதியிருக்கும், வெளி லேப் டெசிலிட்டருக்கு, அதாவது லிட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு, எழுதியிருக்கும். பத்தால் பெருக்கினால் 52. வரிசையில் அழகாக உட்காருகிறது. இதே தவறு வேறொருவருக்கு நடந்தால், 140ஐ 14 என்று படித்துக் கசிவுள்ள நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

சி.இ.ஏ.வுக்கும் இதே வாதம்தான், கடிகாரம் மட்டும் வேறு. 1965இல் மான்ட்ரியாலில் ஃபில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும் இதை விவரித்தபோது புற்றைக் கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனை கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கை பிறந்தது. பொய்த்துப்போனது. புகைபிடிப்பவருக்கு ஏறும், கல்லீரல் கெட்டால் ஏறும், ஆரம்பக் கட்டப் புற்றுக்காரர்கள் பலருக்கு ஏறவே ஏறாது. ஒருவரை ஊரோடு ஒப்பிட அது உதவாது. ஒருவரை அவரோடு ஒப்பிட உதவும். அதன் அரை ஆயுள் மூன்றிலிருந்து ஏழு நாள். 18.4 ஆறு நாளில் 9.1 ஆனது என்றால் ஏறக்குறையப் பாதி. கட்டியை எடுத்தவுடன் ஊற்று நின்றுவிட்டது, தொட்டி வடிந்துகொண்டிருக்கிறது, நீங்கள் பாதி வடியும்போது எட்டிப் பார்த்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். ஆறாம் நாள் அதை எடுக்கச் சொன்னது யார்? நான்கிலிருந்து ஆறு வாரம் கழித்து எடுப்பதுதான் கணக்கு. அப்போது 5க்குக் கீழே வந்துவிட்டால் முன்பு 18 இருந்ததைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம் என்பதை 2018இல் நியூயார்க் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவர்களின் ஆய்வு காட்டியது. இறங்காமல் நின்றால் எங்கோ மிச்சம் இருக்கிறதா என்று ஸ்கேனில் தேட வேண்டும்.

பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதன்பின் ஐந்தாம் ஆண்டு வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை. எப்போதும் ஒரே லேபில் எடுங்கள். ஒரு நிறுவனத்தின் கருவி 4 என்பதை இன்னொன்று 6 என்று காட்டக்கூடும். ஒருமுறை ஏறினால் மறுபடி எடுத்து உறுதிசெய்யுங்கள். கீமோ நடக்கும்போது, முக்கியமாக ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்து போகும்போது, தற்காலிகமாக ஏறி இறங்குவதும் உண்டு.

சிடி-டிஎன்ஏ இந்த வாரம் வேண்டாம். ஆபரேஷனில் நசுங்கிய நல்ல செல்களின் டிஎன்ஏ இப்போது ரத்தத்தில் வெள்ளமாக ஓடும், அதில் புற்றின் துளி காணாமல் போய்விடும். 2022இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வில் நான்காவது, ஏழாவது வாரத்தில்தான் ரத்தம் எடுத்தார்கள். கணுக்களுக்குப் பரவாத இரண்டாம் கட்டப் புற்று உள்ள 455 பேர். பரிசோதனையை வைத்து முடிவெடுத்த பிரிவில் 15 சதவீதம் பேருக்குத்தான் கீமோ போனது, வழக்கமான பிரிவில் 28 சதவீதம். இரண்டு ஆண்டு முடிவில் நோய் திரும்பாதவர்கள் இரண்டு பிரிவிலும் ஏறக்குறைய ஒரே அளவு. அதாவது கீமோ வேண்டுமா வேண்டாமா என்று மருத்துவர்களே தயங்கும் இடத்தில்தான் அது கைகொடுக்கிறது. கணுக்களில் புற்று இருந்தால் எப்படியும் கீமோ பற்றித்தான் பேசப்போகிறார்கள், இந்தச் சோதனை ‘இல்லை’ என்று வந்தாலும் அதை நம்பி யாரும் இப்போதைக்கு நிறுத்த மாட்டார்கள். எடுப்பதானால் அதற்கென்றுள்ள, வெள்ளணுக்கள் உடையாமல் காக்கும் குழாயில் எடுக்கிறார்களா என்று கேளுங்கள். ஊதா மூடிக் குழாயில் எடுத்து மேசைமேல் போட்டு வைத்தால் வெள்ளணுக்களின் டிஎன்ஏ கலந்து சோதனை பாழாகும்.

அட்டவணையைத் தூக்கிப் போட வேண்டாம். மூன்று நெடுவரிசைகள் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஆபரேஷனிலிருந்து எத்தனையாவது நாள், எந்த லேப், எந்த அலகு. மேலே பதாலஜி ரிப்போர்ட்டின் வரிகளை எழுதுங்கள். அடுத்த எண்ணை நிரப்ப இன்னும் இரண்டரை வாரம் இருக்கிறது. அதுவரை அப்பாவின் கையில் ஊசி குத்தாதீர்கள்.